உப்புப் பார்க்காத நான்கு நாட்கள்

ஒரு சனிக்கிழமை மதியத்திலிருந்து புதன்கிழமை மதியம் வரை நான் ஒரு வாய் சோறு சாப்பிடாமல் பஜ்ஜி சுட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் எந்தச் சாமிக்கு என்று கேட்பார்கள். சாமிக்கு இல்லை. பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒரு கூட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காக.

ஏற்காட்டில் ஏரிக்கு எதிரில் வரிசையாக இருக்கும் கடைகளில் ஒன்று என்னுடையது. தள்ளுவண்டியில் ஆரம்பித்தது, இப்போது தகரக் கூரையும் இரண்டு பெஞ்சும் இருக்கின்றன. மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும்தான் என் கடையின் பெயரைக் காப்பாற்றுகின்றன. வீட்டுக்காரர் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். வீடு வெள்ளக்கடையில். காலையில் அவர் பைக்கில் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போவார்.

விரதம் எனக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருப்பேன். மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது இருந்திருக்கிறேன். வீட்டுக்காரர் கொண்டை ஊசி வளைவில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது பதினோரு செவ்வாய்க்கிழமை இருந்தேன். எல்லாமே என் வீட்டுக்கு, என் பிள்ளைக்கு என்று வேண்டிக்கொண்டு இருந்தவை. அடுத்த வீட்டுக்கு என்றுகூட ஒரு வேளை பட்டினி கிடந்ததில்லை.

எனக்கு வாழைக்காய் கொண்டுவந்து போடுகிறவள் மலையில் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துக்காரி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் ஒரு சாக்கு வாழைக்காயோடு வந்து இறங்குவாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலையும் உண்டு. என்னைவிடப் பத்து வயது இளையவள். கடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவளுடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் பெண்கள் பிடிவாதமாக அவளை நிற்க வைத்து ஜெயிக்கவும் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் அவளை மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆரம்பத்தில் கேலியாகச் சொன்னது.

சாக்கை இறக்கிவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அவள் பஞ்சாயத்துக் கதை சொல்லுவாள். அவள் சொல்லித்தான் எனக்குக் கிராம சபை என்றால் என்னவென்றே தெரியும். வருஷத்தில் இத்தனை தடவை ஊர் ஜனம் முழுவதும் கூட வேண்டும், வரவு செலவை வாசித்துக் காட்ட வேண்டும், எந்த வேலையைச் செய்வது என்று ஜனங்களே முடிவு செய்ய வேண்டும். சட்டமே அப்படித்தான் என்பாள்.

"உங்க ஊர்ல அப்பிடி நடக்குதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நடந்த மாதிரி நோட்டுல இருக்குதுங்கக்கா" என்றாள்.

அவர்கள் ஊரில் தலைவராக ஜெயித்திருந்ததும் ஒரு பெண்தான். ஆனால் தலைவரம்மா ஆபீசுக்கு வருவதே அபூர்வம். அந்த அம்மாளின் கொழுந்தன்தான் எல்லாம். ஆபீஸ் சாவி அவரிடம், ரப்பர் ஸ்டாம்பு அவரிடம். கிராம சபை நாளன்று யாரையாவது தீர்மான நோட்டோடு லைனுக்கு அனுப்பி, "ரேசன் கார்டு விஷயம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தீர்மானத்தை அப்புறம் அவர்களாகவே எழுதிக்கொள்வார்கள்.

ஒரு தடவை மெம்பரும் இன்னும் சில பெண்களும் கூட்டம் நடக்கும் என்று நம்பி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கதவே திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து எழுதிக் கொடுத்து நோட்டைப் பார்த்தால், அன்றைக்குக் கூட்டம் நடந்ததாகவும், மேல் தெருத் தண்ணீர்த் தொட்டி சரி செய்யப்பட்டதாகவும் எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள்.

"என்ற கையெழுத்தும் இருந்துதுங்கக்கா" என்றாள் மெம்பர். "நொம்ப அழகா இருந்துது. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு அவ்வளவு அழகா எழுத வராதுங்க."

அவள் முதியோர் பள்ளியில் கையெழுத்துப் போடப் பழகியவள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்குப் பிறகு அவர்கள் மனு கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்தார்கள். ஒரு மனுவுக்கு ரசீது வந்தது, இன்னொன்றுக்கு அதுவும் வரவில்லை. அடுத்த கிராம சபையும் அதே மாதிரி நோட்டிலேயே நடந்து முடிந்தது.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை. முதல் பஸ் வந்தது. வாழைக்காய்ச் சாக்கும் வந்தது. மெம்பர் வரவில்லை. கண்டக்டரே சாக்கை இழுத்து இறக்கிப் போட்டார்.

"ஏனுங்க, மெம்பருக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. பஞ்சாயத்து ஆபீசு முன்னாடி உண்ணாவிரதம் உக்காந்திருக்குதுங்க. பதினோரு பொம்பளைங்க. நேத்துக் காலையிலயே ஆரம்பிச்சுட்டாங்க. உங்க வாழக்காய மட்டும் மறக்காமக் குடுத்துடச் சொல்லுச்சு."

பஸ் போய்விட்டது. நான் சாக்கைப் பிரித்தேன். காய்கள் எப்போதும் போல ஒரே அளவில், காம்பு கழுவி, அடுக்கி இருந்தன. சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவள் எனக்குக் கடை நின்றுவிடக் கூடாதே என்று காய் வெட்டி அனுப்பியிருக்கிறாள். அந்தக் காயைச் சீவி, மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குக் கூட்டம் வந்தது. சீசன் நேரம். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கார்கள் வந்து நின்றன. மதியம் சோற்றுப் போசியைத் திறந்தேன். ரசம் சோறும் கத்திரிக்காய்ப் பொரியலும். திறந்த மூடியை அப்படியே போட்டு மூடிவிட்டேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். கை மூடியது, அவ்வளவுதான். மூடின பிறகு மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தார். போசி கனமாக இருப்பதைத் தூக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்புள்ள, அது அவிய ஊரு, அவிய பஞ்சாயத்து. உனக்கு அங்க ஓட்டே இல்ல. நீ பட்டினி கெடந்தா அந்தக் கொழுந்தனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிய வேண்டாமுங்க" என்றேன். "மெம்பருக்கும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு வைத்தார். "இதாச்சும் குடி. உண்ணாவிரதம் இருக்கறவங்க எல்லாரும் இது குடிப்பாங்க" என்றார். அந்த நான்கு நாளும் தண்ணீரும் அந்த உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும்தான் எனக்கு ஆகாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்து மாவு கரைத்தபோதுதான் எனக்கு ஒரு சங்கடம் இருப்பது புரிந்தது. பஜ்ஜி மாவில் உப்பும் காரமும் சரியாக இருக்கிறதா என்று நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்க்காமல் நான் ஒரு நாளும் சட்டியில் விட்டதில்லை. இப்போது எப்படிப் பார்ப்பது? ஒரு துளிதானே என்று விரலை மாவில் தொட்டுவிட்டு, அப்புறம் கழுவிவிட்டேன்.

பக்கத்துக் கடை ஒரு அம்மாளுடையது. அவித்த வேர்க்கடலையும் சுட்ட சோளமும் விற்பாள். என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டு, அதே நல்ல சேலையோடு வந்து அடுப்பு மூட்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே தார்ப்பாயின் இரண்டு முனைகளைப் பிடித்துக் கட்டுகிறவர்கள். அவளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் உப்புப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

பார்த்துவிட்டுக் கொஞ்சம் போடணும் என்றாள். அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்ன விரதமுங்க? சஷ்டி இன்னும் வரலியே."

சொன்னேன். கையெழுத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கடலைச் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். பத்து மணிக்கு அவளுக்கு வழக்கமாக டீயும் பன்னும் வரும். டீக்கடைக்காரர் கொண்டுவந்து வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"தவக்காலத்துல நாப்பது நாளு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி இருக்கறேன். இது என்னத்த, ரெண்டு மூணு நாளு" என்றாள்.

"நீங்களும் இருந்தா எனக்கு உப்பு யாருங்க பாக்கறது?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்தால் வயிறு வலித்தது.

அவளுடைய யோசனைதான் அந்தப் பலகை. சோளம் என்ன விலை என்று எழுதி வைக்கிற கரும்பலகையை அழித்துவிட்டு, அவளுடைய பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினாள்: "கடைக்காரர்கள் உண்ணாவிரதம். உப்பு சரியா என்று சாப்பிடுகிறவர்கள் சொல்லவும்."

அன்றைக்கு வந்த கூட்டம் மாதிரி நான் பார்த்ததில்லை. முதலில் ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு, "உப்பு கரெக்டா இருக்குதுக்கா" என்றார்கள். ஒரு பெண் மட்டும், கல்லூரியில் படிக்கிறவள் போல இருந்தாள், "எதுக்குங்க உண்ணாவிரதம்?" என்று கேட்டாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். மெம்பர், பூட்டிய ஆபீஸ், அழகான கையெழுத்து. வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். ஒருவர், "எங்க ஊர்லயும் அப்பிடித்தான் கையெழுத்து வாங்கறாங்க" என்றார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் நான் சொல்லிக்கொண்டே சுட்டேன். ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னால் ஒரு விஷயம் நன்றாகச் சொல்ல வந்துவிடுகிறது. சாயங்காலம் நான் சொன்ன விதம் காலையில் சொன்னதைவிட எத்தனையோ மேல்.

திங்கட்கிழமை காலையில் அன்னாசிப்பழம் வெட்டி விற்கிற அம்மாளும் சேர்ந்துகொண்டாள். மதியத்துக்குள் வரிசையில் ஆறு பெண்கள். யாரும் கடையை மூடவில்லை. மூடினால் அடுப்பு அணைந்துவிடும், அடுப்பு அணைந்தால் யாரும் நின்று காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள் என்று பேசி முடிவு செய்துகொண்டோம். அன்று சேலத்திலிருந்து ஒரு நிருபர் வந்து பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அதே திங்கட்கிழமை மூன்று மணி வாக்கில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டம் குறைந்திருந்த நேரம். இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி, அவசரப்படாமல் சாப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, நாங்க அந்தூருக்காரங்கதானுங்க" என்றார். "அங்க நடக்கறது குடும்ப வெவகாரமுங்க. வெளியூர்க்காரங்களுக்கு எதுக்குங்க? கடைக்கு லைசென்ஸெல்லாம் சரியா வெச்சிருக்கறீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு 'ங்க' இருந்தது. அடுத்த பஜ்ஜியைச் சட்டியில் எறிகிற மாதிரி போட்டுவிட்டேன். எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. நான் பலகையைக் காட்டி, "உப்பு சரியா இருக்குதுங்களா? நாங்க பாக்கறதில்லீங்க" என்றேன்.

அவர் பலகையைப் படித்தார். "சரியா இருக்குதுங்க" என்றார். இலையைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கடலைக்கார அம்மாள் ஓடிவந்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் மணிக்கட்டுக் கொப்புளத்தைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கடையில் இறக்கிவிட்டதும் வேலைக்குப் போவார் என்று பார்த்தேன். பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"நகரு. இன்னைக்கு நாஞ் சுடறேன். எஸ்டேட்டுல லீவு சொல்லியாச்சு."

"உங்களுக்கு வருமுங்களா?"

"மெஷினே ஓட்டறேன், பஜ்ஜி வராதா?"

அவர் போட்ட முதல் பத்து பஜ்ஜிகளும் எந்த உருவத்தில் வந்தன என்று சொல்ல முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சட்டியில் மிதந்தன. ஆனால் மாவை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புக் கம்மி" என்றார். "நான் விரதமெல்லாம் இருக்க மாட்டேன். ஒருத்தராச்சும் உப்புப் பாக்கணுமில்ல." அதைவிடப் பெரிய பேச்சு எதையும் அவர் அந்த நான்கு நாளில் பேசவில்லை. எனக்கும் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கடையை அவரிடம் விட்டுவிட்டு நானும் கடலைக்கார அம்மாளும் மதியப் பஸ்ஸில் மெம்பர் ஊருக்குப் போனோம். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஒரு பெரிய சில்வர் ஓக் மரம். அதன் மேல் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மரத்தடியில் கோரைப்பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நாள் அது அவர்களுக்கு. பதினோரு பேரில் ஒருத்தி மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றி, மறுபடி வந்து பாயில் படுத்திருந்தாள். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் கதவில் பூட்டு.

மெம்பரின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள். நான் உட்காரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்டக்டர் சொன்னாருங்கக்கா. மொதல்ல நான் நம்பல. எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னுக்கிட்டு எப்பிடிங்க இருக்கறீங்க? நாங்களாவது நெழல்ல உக்காந்திருக்கறோம்."

"மொத நாளு வாசனை இழுக்குது. ரெண்டாம் நாளு கொமட்டுது. அப்பறம் ஒண்ணும் தெரியறதில்ல" என்றேன்.

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படுத்திருந்தவளும் சிரித்தாள்.

"எத்தன நாளு இருப்பீங்க?" என்று கடலைக்கார அம்மாள் கேட்டாள்.

மெம்பர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "நான் ஓட்டுக் கேட்டு ஊடு ஊடாப் போனப்ப ஒண்ணே ஒண்ணுதானுங்க சொன்னேன். உங்களுக்காகக் கேக்க ஒரு ஆளு இருக்கறேன்னு சொன்னேன். கேக்கறதுக்கு ஒரு கூட்டமே இல்லீன்னா, என்னை எதுக்கு ஜெயிக்க வெச்சாங்க? தொட்டிய நாளைக்கே வேண்ணாலும் கட்டித் தர்றோம், எந்திரிங்கன்னு ஆளு விட்டாங்க. தொட்டி வேண்டாமுங்க, கூட்டம் போடுங்கன்னு சொல்லிட்டோம். கூட்டம் நடந்தாத் தொட்டிய நாங்களே கேட்டு வாங்கிக்குவோம்."

அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் தினம் ஒரு கிலோமீட்டர் தண்ணீர் சுமக்கிறவர்கள். தண்ணீரைக் கொடுக்கிறேன் என்கிறபோது வேண்டாம், கூட்டம் போடு என்று சொல்ல எத்தனை திடம் வேண்டும். அதுவரை நான் மெம்பருக்காக என்றுதான் பட்டினி இருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அது மெம்பருக்காக மட்டும் இல்லை என்று தோன்றியது.

புதன்கிழமை காலைப் பேப்பரில் பலகையின் படமும் நாலு வரிச் செய்தியும் வந்திருந்தன. அன்றைக்குத்தான் யூனியன் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் அந்த ஊருக்குப் போனார். எங்களால்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு நாள் பாயை விட்டு எழுந்திருக்காத பதினோரு பெண்கள்தான் அவரை வரவழைத்தார்கள். ஆனால் அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஏரிக்கிட்ட பஜ்ஜிக் கடைக்காரங்ககூட உங்களுக்காக உண்ணாவிரதமாமே?" என்பதுதான். மெம்பர் அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

கூட்டம் போடுவதாக அதிகாரி வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார். பெண்கள் எழுந்திருக்கவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதினார். தேதியைப் போடச் சொன்னார்கள். போட்டார். எல்லாக் குக்கிராமத்திலும் தண்டோரா போட வேண்டும், நோட்டு ஆபீசிலேயே இருக்க வேண்டும், லைனுக்குப் போகக் கூடாது என்றும் எழுதச் சொன்னார்கள். அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். அப்புறம்தான் எலுமிச்சம்பழச் சாறு குடித்தார்கள்.

மதியப் பஸ் ஏரிப்பக்கம் திரும்பும்போதே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "எழுதிக் குடுத்துட்டாங்க, எல்லாரும் சாப்பிடுங்க" என்று கத்திக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருந்தவர்களும் கையை ஆட்டினார்கள். வரிசையில் ஆறு பெண்களும் அடுப்பை விட்டு ரோட்டுக்கு வந்துவிட்டோம். அன்னாசிப்பழக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கையெல்லாம் பழச்சாறு. டீக்கடைக்காரர் எலுமிச்சைச் சாறு போட்டு ஆறு டம்ளர் கொண்டுவந்தார். அன்றும் லீவு போட்டுச் சுட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அவர் சுட்டதிலேயே கொஞ்சம் உருவமாக வந்த ஒரு பஜ்ஜியை எடுத்து எனக்கு நீட்டினார். வெறும் வயிற்றில் எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று கடலைக்கார அம்மாள் பிடுங்கி, அவரையே சாப்பிட வைத்தாள். வீட்டுக்குப் போய் அவர் வைத்த அரிசிக் கஞ்சியைத்தான் குடித்தேன். அப்படி ஒரு ருசி அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கூட்டம். கடைக்கு லீவு விட்டுவிட்டு நாங்கள் ஆறு பேரும் போனோம். ஓட்டு இல்லாதவர்கள் என்பதால் ஓரமாக நின்றோம். பந்தல் போட்டிருந்தார்கள். மலையின் நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் நடந்து வந்தார்கள். கைக்குழந்தைகளோடு வந்தார்கள். எஸ்டேட்டில் வேலை முடிந்து கூடையோடு நேராக வந்தவர்களும் உண்டு. பாய் போதவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள்.

தலைவரம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கொழுந்தன் உட்காரப் போனார். முன் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள். "ஏனுங்க, கூட்டத்துக்கு வந்தவங்க எல்லாம் கீழதானுங்க உக்காந்திருக்கறோம்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கொழுந்தன், கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் கீழே இறங்கி, கால் மடக்கிப் பாயில் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பந்தலில் எல்லோருடைய முதுகும் ஒரு அங்குலம் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

பழைய நோட்டை வாசிக்கச் சொன்னார்கள். செயலாளர் வாசிக்க எழுந்தார். தலைவரம்மா கை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். "நான் படிக்கறேனுங்க" என்றார். முதலில் குரல் எழும்பவில்லை. அப்புறம் எழும்பியது. மேல் தெருத் தொட்டி சரி செய்யப்பட்டது என்று படித்தார். "இல்லீங்க" என்று பந்தலே சொன்னது. அப்புறம் கையெழுத்துப் போட்டவர்கள் பேரை ஒவ்வொன்றாகப் படித்தார். பேர் சொல்லப்பட்டவர் எழுந்து, "நான் போடலீங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த பேர். "நான் போடலீங்க." ஒரு பேருக்கு யாருமே எழவில்லை. மறுபடி படித்தார். பின்னாலிருந்து ஒரு பெண், "எங்க மாமனாருங்க. அவரு செத்து ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள். அப்போதுதான் பந்தல் சிரித்தது. தலைவரம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து ஊர் அன்றைக்குத்தான் பார்த்ததாம்.

அந்தத் தீர்மானங்கள் செல்லாது என்று முதல் தீர்மானம். தொட்டி இரண்டாவது. மேலே இருக்கிற குக்கிராமத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ரேசன் கடை மூன்றாவது. சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் பந்தல் முழுக்கக் கைகள். என்னை அறியாமல் என் கையும் மேலே போய்விட்டது. கடலைக்கார அம்மாள் பிடித்து இறக்கிவிட்டு, "நமக்கு இங்க ஓட்டு இல்லீங்க" என்றாள்.

தொட்டி வேலை மழைக்கு முன்னால் முடிந்தது. குழாயில் தண்ணீர் வந்த அன்று மெம்பர் எனக்குப் போன் பண்ணினாள். "கேளுங்கக்கா" என்று சொல்லிப் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தமும் நாலைந்து பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன. பஜ்ஜிக்கு நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, குடம் நிறைகிற வரைக்கும் கேட்டேன்.

ஆனால் அன்று பந்தலில் கையை இறக்கியதிலிருந்து எனக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. எனக்கு ஓட்டு இருக்கிற என் பஞ்சாயத்தில் கிராம சபை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. தண்டோராச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போனதில்லை. கடை இருக்கிறது, கூட்டம் வருகிற நாள் என்று சொல்லிக்கொள்வேன். அங்கே பதினோரு பேர் பட்டினி கிடந்து வாங்கியது இங்கே வாசலில் சும்மா கிடந்திருக்கிறது.

அடுத்த கிராம சபைக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். அவர் கடைசி வரிசை போதும் என்றார். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று தலைவர் கேட்டபோது எழுந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நூறு தடவை கதை சொன்ன வாய், மைக்கைப் பார்த்ததும் உலர்ந்துபோயிற்று. ஆனாலும் கேட்டுவிட்டேன். எங்கள் வளைவில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் மழையில் நிற்கிறார்கள், ஒரு நிழற்குடை வேண்டும் என்று கேட்டேன். பின்னாலிருந்து மூன்று பெண்கள், "ஆமாங்க, வேணுமுங்க" என்றார்கள். கை தூக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை என் கையை யாரும் இறக்கிவிடவில்லை. செயலாளர் நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.